வெள்ளம் வடிந்தபின் எந்தக் கதவைத் தட்டுவது? கொழும்பில் பொது நிறுவனங்களும் சங்கங்களும் அரச அனர்த்த உதவி பெறும் வழி

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, வெல்லம்பிட்டிப் பக்கம் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. நான் செயலாளராக இருந்த மாதர் சங்கத்தின் முன்பள்ளிக்குள் மார்பளவு தண்ணீர். வடிந்த பிறகு கதவைத் திறக்க இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகளின் குட்டிக் கதிரைகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த கூட்டப் புத்தகம் ஊறி உப்பி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாண் போல ஆகியிருந்தது. பதிவுச் சான்றிதழும் அதற்குள்தான் இருந்தது.

கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக வாசித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். சங்கம் எங்கே பதிவு? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? கட்டடம் நிற்கும் காணி யாருடைய பேரில்? மூன்றுக்கும் எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. "அக்கா, நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதை எந்தக் கோப்பில் போடுவது என்றுதான் கேட்கிறேன்" என்றார் அவர்.

அந்த ஒரு வசனம்தான் இந்த வழிகாட்டிக்கே அடிப்படை. அனர்த்த உதவியில் ஓர் அமைப்புக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்பது, அது எவ்வளவு நல்ல வேலை செய்கிறது என்பதை வைத்து முடிவாவதில்லை. எந்தக் கோப்பில் அது இடம்பெறும் என்பதை வைத்தே முடிவாகிறது. பாடசாலைக்கு ஒரு கோப்பு, கோயிலுக்கு ஒரு கோப்பு, நகர சபை நூலகத்துக்கு ஒரு கோப்பு. எங்கள் முன்பள்ளி போல நடுவில் நிற்கும் அமைப்புகள்தான் ஒன்றிலும் இல்லாமல் விழுந்துபோகின்றன. கொழும்பில் தமிழர் நடத்தும் சங்கங்கள் அநேகம் இப்படி நடுவில் நிற்பவைதான். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில்: மூன்று வகைக் காசு, மூன்று வழி

எல்லாவற்றையும் "நிவாரணம்" என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். அலுவலகத்தில் அது மூன்றாகப் பிரியும்.

ஒன்று, உடனடி நிவாரணம். சமைத்த உணவு, உலருணவு, பாய், படுக்கை விரிப்பு, குடிநீர். இது மனிதர்களுக்கானது, குடும்பத்தைக் கணக்கில் வைத்துத் தரப்படுவது. கிராம அலுவலர், அதாவது நாம் ஜீ.எஸ். என்று கூப்பிடுபவர், பட்டியல் எடுப்பார். பிரதேச செயலாளர் ஒப்புவார். பின்னால் தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் சார்பில் பிரதேச செயலகத்திலேயே அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தர் இருப்பார். சங்கத்துக்காக ஓடித் திரிபவர்கள் ஜீ.எஸ்.ஸுக்கு அடுத்ததாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர் இவர்தான்.

இரண்டு, நட்டஈடு. இதுவும் பெரும்பாலும் வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் உரியது. 2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒரு வீட்டுக்கோ சிறு வியாபாரத்துக்கோ 25 இலட்சம் ரூபா வரை எல்லை வைத்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்றும், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை என்றும் அரசாங்கம் அறிவித்தது. இந்தத் தொகைகளை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு "எங்கள் சங்க மண்டபத்துக்கும் கிடைக்கும்தானே" என்று கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: இவை வீட்டுக்கான தொகைகள். மண்டபத்தை வீடு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பொய்ப் பிரகடனம். பிறகு அந்த ஜீ.எஸ். பிரிவில் உங்கள் கையெழுத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மூன்று, புனரமைப்புக் காசு. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, நூலகம், வாய்க்கால் போன்ற பொதுச் சொத்தைத் திருத்துவதற்கு அமைச்சு, மாகாண சபை, உள்ளூராட்சி சபை ஆகியவற்றின் ஒதுக்கீட்டில் வருவது. பொது நிறுவனங்களும் சங்கங்களும் பார்க்க வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியை. சங்கங்கள் வருடக்கணக்காக முதலாவது வரிசையில் நின்று ஏமாந்துபோவதற்குக் காரணம் இந்த வித்தியாசம் தெரியாததே.

யார் தகுதியானவர்: பொது நிறுவனங்கள்

பொது நிறுவனம் என்றால் தகுதி பற்றிய சந்தேகம் குறைவு. எந்தப் படியில் ஏறுவது என்பதே கேள்வி.

பாடசாலையை எடுங்கள். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் கீழ். மாகாணப் பாடசாலை என்றால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். சேத அறிக்கை அதிபரிடமிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிரதேச செயலாளருக்குப் பிரதி கொடுக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ தனியாகக் கடிதம் எழுதி அமைச்சருக்கு அனுப்புவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதிபரின் அறிக்கை மேலே போகாதவரை அந்தக் கடிதத்துக்கு ஒட்ட இடமில்லை. சங்கம் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த அறிக்கையை அதிபர் மூன்று நாளில் எழுதி முடிக்கக் கூடவே நிற்பது: கணினி அறையில் என்ன இருந்தது, நூலகத்தில் எத்தனை அலுமாரி, எந்த வகுப்பறையின் கூரை என்று எண்ணிக் கொடுப்பது.

வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் இப்படித்தான். தேசிய வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்குரியது. கொழும்பு மாநகர சபை தனக்கென்று மருந்தகங்களும் நூலகங்களும் வைத்திருக்கிறது. அவற்றுக்கு மாநகர சபையே பொறுப்பு. கொலன்னாவ நகர சபை, கொட்டிகாவத்தை - முல்லேரியா பிரதேச சபை ஆகியவற்றுக்கும் அவரவர் சொத்து உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. முதலாவது மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி சபை. குப்பை, உள்வீதி, வாய்க்கால், நூலகம் அதன் வேலை. இரண்டாவது மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். நிவாரணம், பதிவு, ஜீ.எஸ். எல்லாம் அதன் கீழ். கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. மாநகர எல்லைக்குள் இருப்பவை கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டும். வெல்லம்பிட்டி, சேதவத்தை கொலன்னாவப் பிரிவில் வரும். களனி கங்கையைத் தாண்டினால் பேலியகொடை, வத்தளை. அவை கம்பஹா மாவட்டம், வேறு கச்சேரி, அதாவது வேறு மாவட்டச் செயலகம். மட்டக்குளியில் அலுவலகமும் ஹெக்கித்தையில் மண்டபமும் வைத்திருக்கும் சங்கம் மண்டபத்தின் சேதத்தைக் கம்பஹாப் பக்கம்தான் பதிய வேண்டும். சொத்து இருக்கும் இடமே கணக்கு. தலைவர் வசிக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை

வழிபாட்டுத் தலங்கள் தனி வழி. இந்துக் கோயில்களும் அறநெறிப் பாடசாலைகளும் இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்யப்படுகின்றன. பள்ளிவாசல்கள் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் வருகின்றன. கிறிஸ்தவத்துக்கும் பௌத்தத்துக்கும் தனித்தனித் திணைக்களங்கள் உண்டு. சேதம் வந்தால் கடிதம் இரண்டு திசையில் போக வேண்டும்: திணைக்களத்துக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று. ஒன்றில் மற்றதன் பிரதி இணைந்திருக்க வேண்டும்.

கொழும்பில் தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள், பலகை வீடுகளுக்கு நடுவில் நிற்கும் சின்னச் சின்னக் கோயில்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இரண்டு தலைமுறையாக விளக்கேற்றி வந்திருப்பார்கள். காணி மாநகர சபையுடையதாகவோ நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாகவோ இருக்கும். பரிபாலன சபை என்று ஒன்று இருக்கும். ஆனால் எங்கும் பதிவு இருக்காது. வெள்ளத்தில் மூலஸ்தானத்துக் கதவு போனாலும் அந்தக் கோயில் எந்தப் பட்டியலிலும் ஏறாது. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கோயில் இருந்தால், அடுத்த மழைக்கு முன் திணைக்களத்தில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். காணி உங்களுடையது இல்லை என்பதை மறைக்க வேண்டாம். எத்தனை வருடமாக வழிபாடு நடக்கிறது, எத்தனை குடும்பம் வருகிறது என்று ஜீ.எஸ்.ஸின் கடிதத்தோடு போங்கள்.

இலாப நோக்கற்ற சங்கங்கள்: பதிவு எங்கே, அதற்கு என்ன பெறுமதி

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். நம்முடைய சங்கங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சங்கம் ஒன்றுக்கு இந்த நாட்டில் பல பதிவு வழிகள் உண்டு. நலன்புரி வேலை செய்யும் சங்கங்களுக்கு நெருக்கமானது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் (பதிவும் மேற்பார்வையும்) சட்டம். 1998 இல் 8 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. வறியவர், நோயாளர், அநாதைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சேவையோடு அனர்த்த காலத்து நிவாரணத்தையும் நோக்கமாகக் கொண்ட அமைப்புகளைத்தான் அது பேசுகிறது. நாடு முழுவதும் வேலை செய்வோர் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தை நாட வேண்டும். ஒரே பிரிவுக்குள் இயங்கும் சிறு சங்கம் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அரசாங்கத்தோடு சேர்ந்து நிவாரண வேலை செய்ய நினைக்கும் சங்கத்துக்கு என் அனுபவத்தில் அதிகம் கைகொடுக்கும் பதிவு இது.

1891 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த பழைய சங்கங்கள் கொழும்பில் இருக்கின்றன. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தவையும் உண்டு. பாராளுமன்றத்தில் தனியார் சட்டமூலம் மூலம் கூட்டிணைக்கப்பட்டவை உண்டு. நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது ட்ரஸ்டாக, உறுதி எழுதி நடப்பவையும் உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி உலகம். அவர்கள் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளரிடம் போக வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவை சின்னவை போலத் தோன்றும். ஆனால் அனர்த்த நேரத்தில் ஜீ.எஸ். முதலில் தொலைபேசி எடுப்பது இவர்களுக்குத்தான். சில இடங்களில் வாய்க்கால் துப்புரவு, சிறு வீதித் திருத்தம் போன்ற சிறு வேலைகளைச் சமூக அமைப்புகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் முறையும் அரச கொள்முதலில் இருக்கிறது. பதிவு, வங்கிக் கணக்கு, கணக்கறிக்கை மூன்றும் சரியாக உள்ள சங்கத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. மரண உதவிச் சங்கத்திடம் கூடாரம், கதிரை, பெரிய சட்டி எல்லாம் இருக்கும். வெள்ளத்தில் ஊருக்கே சமைப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களின் பதிவுதான் அநேகமாகக் காலாவதியாகிக் கிடக்கும்.

சிறுவர் இல்லம் நடத்துபவர்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவை முன்வைத்துப் பேசுங்கள். முதியோர் இல்லத்தவர்கள் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்த முதியோருக்கான தேசிய செயலகத்தையும் அறிந்து வைத்திருங்கள். இத்தகைய இல்லங்களில் தங்கியிருப்பவர்கள் எந்தக் குடும்ப அட்டையிலும் இல்லாததால் உலருணவுப் பட்டியலில் தவறிப்போவார்கள். மழைக்காலத்துக்கு முன்பே இல்லத்தில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு நடக்க முடியாது என்ற கணக்கை ஜீ.எஸ்.ஸிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

தனியார் டியூட்டரி, உறுப்பினர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் கழகம், கட்சிக் கிளை அலுவலகம் ஆகியவை பொதுப்பணி என்ற பேரில் கேட்பதில் அர்த்தமில்லை. டியூட்டரி வியாபாரமாகப் பதிந்திருந்தால் சிறு வியாபாரத்துக்கான வழியைப் பார்க்கலாம்.

அமெரிக்க விதிகளை இங்கே கொண்டுவர வேண்டாம்

இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடும் பிள்ளைகள் அடிக்கடி பெமாவின் விதிகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது அமெரிக்காவின் கூட்டாட்சி அவசரநிலை முகாமை அமைப்பு. அங்கே 1988 ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டப்படி மாநில அரசுகள், பழங்குடி அரசுகள், உள்ளூராட்சிகள், சில வகை இலாப நோக்கற்ற நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்ட செலவில் குறைந்தது 75 வீதத்தைக் கூட்டாட்சி அரசு ஏற்கும். 2018 இல் சட்டம் மாறி வழிபாட்டுத் தலங்களும் சேர்க்கப்பட்டன. அந்தச் சதவீதமோ அங்குள்ள காலக்கெடுவோ இங்கே செல்லாது. ஆனால் அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி நம் உத்தியோகத்தர் கேட்டதேதான்: சேதமான இடத்துக்குச் சட்டப்படி பொறுப்பு யார்?

நமக்கு அடிப்படைச் சட்டம் 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். ஜனாதிபதி தலைமையில் தேசிய சபை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டந்தோறும் ஒருங்கிணைப்புப் பிரிவு. நிலையத்தின் அவசர இலக்கம் 117.

செய்ய வேண்டியவை: மழைக்கு முன்

ஒரு நாள் ஒதுக்கி இந்தக் கோப்பைத் தயார் செய்யுங்கள். பதிவுச் சான்றிதழ், புதுப்பித்த கடிதம், யாப்பு, நடப்பு நிருவாக சபைப் பெயர்கள், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கடைசிக் கணக்கறிக்கை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அடுத்து, காணி. உங்கள் பேரில் உறுதி இருந்தால் அதன் போட்டோகொப்பி. இல்லாவிட்டால் யாருடைய காணி என்று கண்டுபிடியுங்கள்: மாநகர சபையா, நகர அபிவிருத்தி அதிகார சபையா, தேசிய வீடமைப்பு அதிகார சபையா, புகையிரதத் திணைக்களமா, ஒரு தனியாரா. குத்தகையோ பாவனை அனுமதியோ இருந்தால் அதை வையுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அனுமதி கேட்டு ஒரு கடிதமாவது இப்போதே எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். கட்டடத்தைத் திருத்தும் காசு கட்டடத்தின் சொந்தக்காரர் வழியாகத்தான் வரும். சங்கத்தின் கையில் வரக்கூடியது அதிகபட்சம் தளபாடமும் உபகரணமும்.

பிறகு, சொத்துப் பட்டியல். கதிரை, மேசை, விசிறி, நீர் வடிகட்டி, தையல் மெசின், புத்தகம் எல்லாவற்றையும் எண்ணி, வாங்கிய வருடத்தையும் எழுதிக் கூட்டத்தில் நிறைவேற்றி, அறிக்கையில் சேருங்கள். தெளிந்த நாளில் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்து மூன்று பேரின் தொலைபேசியில் வையுங்கள். சேதத்தின் படத்துக்குப் பக்கத்தில் முன்பு எப்படி இருந்தது என்ற படம் இருந்தால் வாதமே தேவையில்லை.

கோப்பின் ஒரு பிரதி மாடி வீட்டில் இருக்கட்டும். கொலன்னாவயில் கீழ்த்தளத்தில் எதையும் பத்திரம் என்று நினைக்கக் கூடாது.

தண்ணீர் வந்த பிறகு: முதல் நாட்கள்

உயிர்தான் முதலில். அதற்கு 117, ஜீ.எஸ்., பொலிஸ். நாகலகம் வீதி அளவுகோலில் களனியின் நீர்மட்டம் ஏறும் செய்தியை அடி கணக்கில் வானொலி சொல்லும்போதே சங்கத்தின் பொருட்களைத் தூக்கத் தொடங்குங்கள்.

உங்கள் மண்டபத்தை மக்கள் தங்கும் பாதுகாப்பு நிலையமாக ஜீ.எஸ். கேட்டால் மனமாரக் கொடுங்கள். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். "இன்ன திகதியிலிருந்து இத்தனை குடும்பம், இத்தனை பேர், உங்கள் கோரிக்கைப்படி தங்கவைக்கப்பட்டுள்ளனர்" என்று ஒரு குறுஞ்செய்தியாவது அவருக்கு அனுப்பிப் பதில் வாங்குங்கள். சமைக்கிறீர்கள் என்றால் அரிசி எங்கிருந்து வந்தது, எத்தனை பார்சல் போனது என்று ஒரு கொப்பியில் ஒரு பிள்ளையை இருத்தி எழுதவையுங்கள். அரசாங்கம் தந்த அரிசியும் நன்கொடை அரிசியும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. 2016 இல் எங்களிடம் ஒரு சங்கத்தார் வந்து அழாக்குறையாகச் சொன்னார்கள்: ஐந்து நாள் சமைத்தார்களாம், காஸ் செலவைக்கூடக் கேட்க ஒரு துண்டுக் காகிதம் இல்லையாம்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் கை துடிக்கும், கழுவிவிட. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். சுவரில் சேற்றுக்கோடு தெரியும். அதன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து, அடி தெரியும்படி படம் எடுங்கள். வாசலில் பெயர்ப்பலகை தெரிய ஒன்று. ஒவ்வோர் அறையும் ஒன்று. எறியப் போகும் பொருட்களை முற்றத்தில் வரிசையாக வைத்து ஒன்று. ஜீ.எஸ். வந்து பார்க்க முடியுமானால் அதுவரை வையுங்கள். முடியாது என்றால் படத்தை அனுப்பிவிட்டுக் கழுவுங்கள். நோய் வரும் அளவுக்கு எதையும் வைத்திருக்க வேண்டாம். கிணறு இருந்தால் பி.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், குளோரின் கேளுங்கள்.

ஒரே கடிதம் எழுதாதீர்கள்

நாங்கள் விட்ட பெரிய பிழை இது. எல்லாத் தேவையையும் ஒரே நீளக் கடிதத்தில் எழுதி, ஆறு பேருக்குப் பிரதி போட்டோம். ஆறு பேரும் மற்ற ஐவர் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

தேவையைப் பிரியுங்கள். நனைந்த மெத்தை, அலுமாரிக் குப்பை அகற்ற, வாய்க்கால் துப்புரவு செய்ய, பவுசரில் தண்ணீர் பெற: உள்ளூராட்சி சபைக்கு. சுவர் வெடித்திருக்கிறது, கூரை சாய்ந்திருக்கிறது என்றால்: காணியும் கட்டடமும் யாருடையதோ அவர்களுக்கு, பிரதேச செயலாளருக்குப் பிரதியோடு. கட்டடத்துக்குள் போவது பாதுகாப்பா என்ற சந்தேகம் என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பரிசோதனை கேளுங்கள்; மண்சரிவு அபாயம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பிள்ளைகளின் தளபாடமும் உபகரணமும்: உங்களைப் பதிந்து வைத்திருக்கும் திணைக்களத்துக்கு.

ஒவ்வொரு கடிதமும் ஒரு பக்கத்தைத் தாண்டாமல், இந்த வடிவில் இருக்கட்டும்:

பிரதேச செயலாளர் அவர்கட்கு,
வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட முன்பள்ளியின் சேதத்தைப் பதிவு செய்யக் கோருதல்
எமது சங்கம் ........ திணைக்களத்தில் ........ இலக்கத்தில் பதிவு செய்யப்பட்டது; பதிவு ........ வரை செல்லுபடியாகும். ........ இலக்கக் கிராம அலுவலர் பிரிவில், ........ வீதியில் முன்பள்ளி நடத்துகிறோம். காணி ........ க்கு உரியது, பாவனை அனுமதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. ........ திகதி அதிகாலை மண்டபத்துள் நீர் புகுந்து, ........ அடி உயரத்துக்கு ........ நாட்கள் நின்றது. ........ பிள்ளைகள் பயன்பெறுகின்றனர். சேதப் பட்டியல், படங்கள், கிராம அலுவலரின் சிபாரிசு இணைப்பில் உள்ளன. சேதத்தைப் பார்வையிட்டுப் பதிவு செய்வதோடு, ........ பெற உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இதே சேதத்துக்கு வேறு எந்த இடத்திலும் உதவி பெறவில்லை / ........ இடமிருந்து ........ ரூபா பெற்றுள்ளோம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேறு இடத்தில் ஏதாவது கிடைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடும் சங்கத்தை உத்தியோகத்தர்கள் நம்புகிறார்கள். காப்புறுதி இருந்தாலும் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று ஒரு சிங்களப் பிரதியையும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் விருப்பம், நானும் கொடுப்பேன். ஆனால் தமிழ்க் கடிதத்தை வாங்க முடியாது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பொறுத்து நேரில் போங்கள். கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்போதும் ஒன்றும் தெரியாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம், எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை, எங்கள் பிரிவில் எந்தெந்தப் பொது இடங்களின் சேதம் பதியப்பட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. சண்டைக் குரலில் எழுதத் தேவையில்லை. வெள்ளத்தின்போது அந்த அலுவலகத்தில் இருப்பவர்களும் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவர்கள்தான்.

அரச காசோ வெளிநாட்டுக் காசோ பெரிய அளவில் பெற்றுப் பொதுச்சேவை செய்யும் அமைப்பும் அந்தச் சேவை சம்பந்தமாக இதே சட்டத்துக்குள் வருகிறது. நாளைக்கு உங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் "எங்களுக்கு வந்த பாய் எத்தனை, யாருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால், உங்களிடம் கொப்பி இருக்க வேண்டும்.

எங்கள் முன்பள்ளியின் பதிவைப் புதுப்பிக்கவே பல மாதம் போனது. காணி நகர சபைக்குரியது என்று தெரியவந்தது. அனுமதிக் கடிதம் வாங்கினோம். 2024 ஜூனில் மறுபடி தண்ணீர் வந்தபோது மூன்று கடிதமும் ஐந்தாம் நாளே கைக்குக் கை போய்ச் சேர்ந்தன. குப்பையை எடுக்க லொறி வந்தது, டி.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர், வந்து சுவரைப் பார்த்தார், கதிரைகளுக்கான பதில் தாமதித்தே வந்தது. இப்போது கோப்பு தலைவியின் மகளுடைய இரண்டாம் மாடி வீட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள், றப்பர் முத்திரையோடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில், தென்மேல் மழைக்கு முன், அதைத் திறந்து திகதிகளைப் பார்க்கிறோம்.